போட்டு வாறன்

உங்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். பேய், ஆவி எண்டு ஆரும் கதை தொடங்கினா முதல் எழும்பிப் போறவன் நான்தான். மெஷின் திருத்திறது என்ர தொழில். கழண்டதைப் பூட்டினா ஓடும், பூட்டாட்டி ஓடாது, உலகத்தில வேற மர்மம் ஒண்டும் இல்லையெண்டு இருந்தனான்.

ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ, மொன்றியலில எங்கட ஆக்கள் டொலார்ட் பக்கம் வீடு வாங்கி பேஸ்மென்ட் கட்டிக்கொண்டிருந்த காலம், நான் போய் ஒரு பழைய குட்டி பிளேன் வாங்கினன். நம்பினா நம்புங்கோ. முன்னுக்கு ஒரு சீட், அதுக்குப் பின்னால ஒரு சீட், முன்னுக்கு ரெண்டு சில்லு, வாலுக்குக் கீழ கையளவு சில்லு ஒண்டு. அந்த வால் சில்லுதான் தரையில ஓடேக்க பிளேனை நேராப் பிடிக்கிறது. இறங்கேக்க அது கழண்டா பிளேன் சுழண்டு கவிண்டாலும் கவிழும்.

மனுசி ஜெசிந்தாவுக்குச் சரியான பயம். பிள்ளையள் ரெண்டும் சின்னன். "உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?" எண்டு கிழமைக்கணக்கா அழுகை. "எனக்குத் தெரியாத நட்டோ போல்ட்டோ, சும்மா இரும்" எண்டு நானும் வாயடிச்சுப்போட்டு, அதைக் கொண்டுவரத் தனியப் போனன்.

கியூபெக் சிற்றிக்கு அங்கால ஒரு புல்லு ஓடுபாதை. வித்த பிரெஞ்சுக்காரன் திறப்பைத் தந்து கைகுலுக்கிப்போட்டுப் போயிட்டான். காலமை பத்து மணி, நல்ல வெயில், சுத்தவர சோளம், என்னைத் தவிர ஒரு சனம் இல்லை. பெற்றோலில தண்ணி இருக்கோ, ஒயில் காணுமோ, செட்டை, வால், சில்லு எண்டு ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்து லிஸ்டில சரி போட்டன். பிறகு ஏறி இருந்து, மிச்ச லிஸ்டைப் பாத்துக்கொண்டே மனுசிக்குப் போன் எடுத்தன். ஒரு மணிக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு, மொன்றியலுக்குக் கிட்ட நான் பிளேன் இறக்கப்போற ஃபீல்டுக்கு வரச் சொல்லிப்போட்டு, "சரி, நான் போறன்" எண்டன்.

அந்த நேரம் போனில ஒரு வயசானவற்ற குரல், பச்சை யாழ்ப்பாணத் தமிழ்: "போறன் எண்டு சொல்லாதை மோனை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

எங்கட வீடுகளில இது வழக்கம்தானே, வெளிக்கிடேக்க போறன் எண்டா அபசகுனம், போய்த் திரும்பி வருவன் எண்ட கருத்தில போட்டு வாறன் எண்டுதான் சொல்லவேணும். வீட்டை சேர்ச் ஆக்கள் ஆரோ வந்து நிக்கினம், இவள் ஸ்பீக்கரைப் போட்டிட்டாள் எண்டு நினைச்சன். எரிச்சல்தான் வந்தது. "சரி ஐயா, போட்டு வாறன்" எண்டு நக்கலாச் சொல்லி போனை மடக்கினன்.

அதில லிஸ்டில எங்க நிண்டனான் எண்டது மறந்துபோச்சு. இடையில குழம்பினா முதலில இருந்து தொடங்கவேணும், எங்களுக்குப் படிப்பிச்சது அப்பிடி. புறுபுறுத்துக்கொண்டு இறங்கித் திரும்பச் சுத்தி வந்து வால் சில்லைப் பிடிச்சு ஆட்டினன். கையோட வரப் பாக்குது! நட்டைக் காணேல்லை, போல்ட் நுனியில தொங்கிக்கொண்டு நிக்குது. பத்து நிமிசத்துக்கு முன்னம் இதே கையால இறுக்கிப் பாத்துச் சரி போட்டவன் நான்.

பையில கிடந்த புது நட்டைப் போட்டு இறுக்கினன். பிறகு என்ன, ராசா மாதிரிப் பறந்து வந்து பூப்போல இறக்கினன். பிள்ளையள் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடிச்சினம். ஜெசிந்தா அழுகையும் சிரிப்புமா நிண்டாள், அப்பதான் கேட்டன்.

"காலமை வீட்டை வந்த ஐயா ஆர்?"

"எந்த ஐயா? வீட்டை ஒருத்தரும் வரேல்லை. உங்களோட நிண்ட ஆள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

போன் லைன் கலந்திருக்கும் எண்டு சமாளிச்சன். இண்டைக்கும் கேக்கிறவைக்கு அதைத்தான் சொல்லுறன். ஆனா எங்களுக்குள்ள ஒரு சண்டை தீரேல்லை. அவர் 'போட்டு வாறன்' எண்டு சொல்லச் சொன்னதா நான் சத்தியம் பண்ணுவன். ஜெசிந்தா இல்லையெண்டுறாள். அவளுக்குக் கேட்டது, 'போட்டு வாறம் எண்டு சொல்லு' எண்டுதானாம். ஒரெழுத்துத்தான், ஆனா வாறம் எண்டா ரெண்டு பேரெல்லோ.