அத்தைக்கு எடுத்து வைத்த கட்டை

தம்பி பிறந்தபோது மலாயாவில், குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் காலம், அடைமழை வேறு. மரவள்ளி நடுவதற்காக ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்ததால் விறகுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் பிள்ளை குளிரில் நடுங்கியது.

பிள்ளை பெற்றவள் பக்கத்தில் கணப்புச்சட்டி வைப்பது வழக்கம். அதில் அம்மா பச்சைக் கட்டையைத்தான் போட்டாள். பால் கசிந்து சீறும், புகையும், எரியாது. வெளியே பின்சுவர்ப் பக்கம் அப்பா பிளந்து, காற்றுப் புகச் சந்து விட்டு அடுக்கி, மாதக்கணக்கில் காயவைத்த கட்டைகள் கூரைவரை நின்றன. அதில் ஒன்றைத் தொட்டதற்கு, எங்களோடிருந்த அத்தை என் முதுகில் வைத்தாள் ஒன்று.

அந்த அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் அப்பா ஒளிந்திருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; போனவர் யாரும் திரும்பியதில்லை. ஐந்து வயது ஓட்டைவாயை நம்பி யார் சொல்வார்கள்? அப்பா யான் என்கிற ஊருக்கு நெல் அறுக்கப் போயிருக்கிறார் என்று நானும் லயத்து வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு காலையில் ஆள் பிடிக்கும் கங்காணி வந்தார். இரக்கமுள்ள மனிதர்; அதுதான் வம்பாகப் போனது.

"என்னம்மா, பச்சப்புள்ளய இப்புடிப் புகையில போட்டு வச்சிருக்கீங்க? வெளிய காஞ்ச கட்ட அம்புட்டு கெடக்குலா! இருங்க, நானே எடுத்தாறேன்."

சொன்னபடியே போய் மேல்கட்டையில் கையை வைத்துவிட்டார். அத்தை பின்னாலேயே ஓடினாள்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே! அது நான் செத்தா எரிக்கன்னு எடுத்து வச்சது. அதப் போயி புள்ள பொறந்த வீட்டுல எரிக்கலாமா?"

கங்காணி வெடுக்கென்று கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்படியே அடுத்த வீட்டுக்குப் போனார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அத்தை சாகப்போகிறாள் என்பது மட்டும் புரிந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அப்படியொரு அழுகை அழுதேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், சிரித்தாளோ என்னவோ.

அதற்குள் அடுத்த வீட்டு அண்ணன் துணி மூட்டையோடு கங்காணி பின்னால் வந்தார்.

"ஏன் பாப்பா அழுவுற? சயாம்லேருந்து வர்றப்ப அண்ணன் ஒனக்கு மிட்டாய் வாங்கியாறேன்லா."

மிட்டாய் என்றதும் என் அழுகை நின்றுவிட்டது. அவரை ஏற்றிக்கொண்ட லாரி மறையும்வரை கையை ஆட்டினேன். சிரித்துக்கொண்டிருந்த அத்தை அப்போது போய் ஏன் அழ ஆரம்பித்தாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.