நாகையாவின் சாவி

இது கதையில்லை. நடந்தது. நம்பாதவர்கள் ஆமத்தூரில் போய் டிரைவர் காளீஸ்வரன் வீடு எது என்று கேட்கலாம். வாசலில் ஒரு வெள்ளை இண்டிகா நிற்கும். கதவைத் தொட்டுப் பாருங்கள், பூட்டியிருக்காது. ஏன் பூட்டவில்லை என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடாதீர்கள்.

2007, சித்திரை மாதம். வருஷக்கணக்கில் பட்டாசு லோடு வேன் ஓட்டி முதுகு ஒடிந்த காளீஸ்வரன், இனி சொந்த வண்டிதான் என்று அந்தப் பழைய இண்டிகாவை வாங்கினான். மனைவி பாண்டிச்செல்வியின் கழுத்துச் சங்கிலி அதில் போயிற்று. வண்டி களவு போனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

வாங்கிக் கொடுத்த புரோக்கர் வெள்ளைத்துரை, ரிமோட் சாவி ஒன்றைத்தான் நீட்டினார்.

“இன்னொன்னு எங்க அண்ணாச்சி?”

“தொலைஞ்சு போச்சுப்பா.”

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் புதிதாக இருந்தது. காளீஸ்வரன் பார்த்தான், கேட்கவில்லை. மாடு வாங்குகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். கார் வாங்குகிறவனுக்கு அந்தப் புத்தி வருவதில்லை.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. பகல் 12.10. சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

பீப்... பீப்.

வண்டியின் பூட்டு திறக்கிற சத்தம். சாவியோ அவன் சட்டைப் பையில் இருந்தது. எச்சில் கையோடு வெளியே ஓடினான். நான்கு கதவிலும் பூட்டு திறந்திருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. டிரைவர் கதவின் கைப்பிடியில் வெள்ளி நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. வெடிக் கம்பெனியில் மருந்து அள்ளுகிறவர்கள் விரலில் இருக்குமே, அந்தத் தூள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் கை அப்படித்தான் இருக்கும். துடைத்துவிட்டான்.

சனிக்கிழமை. 12.10.

பீப்... பீப்.

அன்று சாயங்காலமே விருதுநகர் போய் மெக்கானிக் முனியராஜிடம் சாவியைக் கொடுத்தான். முனியராஜ் அதைப் பிரித்து, பேட்டரியைச் சோதித்து, உள்ளே தூசி துடைத்து மூடினான்.

“உங்க சாவில கோளாறு இல்லண்ணே. இன்னொரு சாவிய எவனோ வச்சிருக்கான். முப்பது அடிக்குள்ள நின்னு அமுக்குறான்.”

“முப்பது அடிக்குள்ள ஆளே இல்லையேப்பா.”

“பேட்டரி தேஞ்சிருந்தா இன்னும் கிட்ட வந்துல்ல அமுக்கணும்.”

பழைய சாவியை வண்டி மறந்துபோகும்படி அழித்து, காளீஸ்வரன் சாவிக்கு மட்டும் பழக்கிவிட்டான் முனியராஜ்.

“இனிமே அவன் எம்புட்டு அமுக்குனாலும் திறக்காதுண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வைராக்கியம். வண்டியை ஊருக்கு வெளியே பொட்டலில் நிறுத்தினான். மரம் இல்லை, சுவர் இல்லை. கண்ணாடியை ஏற்றி, பூட்டிக்கொண்டு, மடியில் வீல் ஸ்பேனரோடு உள்ளே உட்கார்ந்தான்.

12.10. பீப் சத்தம் இல்லை. காளீஸ்வரன் சிரித்துக்கொண்டான்.

12.11.

டக்.

அவன் பக்கத்துக் கைப்பிடி.

வெளியே பார்த்தான். வெயில் மட்டும் இருந்தது.

டக்... டக்...

கதவு அதிர்ந்தது. கந்தக வாடை வந்தது. கூடவே முடி கருகுகிற வாடை.

புதுக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. வெள்ளித் தூள். ஐந்து விரல்.

அது மெல்லக் கீழே வழுக்கியது...

காளீஸ்வரன் ஒரு கையால் கதவை உள்பக்கம் இழுத்துப் பிடித்தான். மறு கையால் ரிமோட்டை அமுக்கினான். பூட்டு. இன்னும் பூட்டு.

டக் டக் டக் டக்...

நின்றது.

மணி 12.17.

நேராக வெள்ளைத்துரை வீட்டுக்கு வண்டியை விட்டான்.

“அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. அந்தச் சாவி எங்கன இருக்கு?”

வெள்ளைத்துரை சொன்னார். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேனாக இருந்த நாகையாவின் வண்டி அது. போன ஆவணியில், தீபாவளி சீசன் சூட்டில், மருந்து அறை வெடித்தது. பகல் 12.10. எரிகிற உடம்போடு ஓடி வந்த நாகையா, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரிடம் போனார். அங்கே வேறு வண்டி இல்லை. அமுக்கினார். ஒரு மாதமாகவே அந்தச் சாவியின் பேட்டரி தேய்ந்து மக்கர் செய்துகொண்டிருந்தது. சீசன் வேலையில் அதை மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கைப்பிடியை இழுத்தார். மறுபடி அமுக்கினார்.

“கூட வேலை பாத்தவக ஓடிப் போய்ச் சாவியப் பிடுங்கித் திறக்கப் பாத்தாக. கைத்தோலோட ஒட்டிக்கிருச்சு, பிரிக்க முடியல. கண்ணாடிய உடைச்சுக் கதவத் திறக்குறதுக்குள்ள உசுரு போயிருச்சுப்பா.”

“அப்ப மணி எத்தன?”

“பன்னெண்டு பதினேழுன்னு எழுதியிருக்காக.”

“சாவி?”

“கையோடவே புதைச்சாச்சு.”

அன்றிலிருந்து காளீஸ்வரன் வண்டியைப் பூட்டுவதில்லை. களவு போனால் போகட்டும் என்கிறான். செத்த பிறகாவது அந்த மனுஷனுக்குத் திறந்த கதவை, உள்ளே உட்கார்ந்து நான்தானே பூட்டினேன் என்று சொல்லி அழுகிறான். சவாரி இருந்தாலும், இல்லாவிட்டாலும், தினமும் 12.10க்கு வண்டியை ஓரமாக நிறுத்தி, டிரைவர் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். 12.17 வரை.

இதுவரை யாரும் ஏறவில்லை.