டிரசர் வண்டிக்கு எண்ணெய் பார்த்தவர்

பேச்சியம்மாள் குளிர்காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விடியுமுன் வாசலைத் தாண்டிப் போகும் தண்ணி வண்டியின் கிறீச்சுச் சத்தம் அவள் மண்டையைப் பிளந்தது. "அந்தச் சக்கரத்த யாராச்சும் கொல்லுங்களேன்" என்று அழுதாள். மறுநாள் வண்டி சத்தமே இல்லாமல் போனது. அடுத்த நாளும் அப்படியே. மாரியாத்தா இரங்கிவிட்டாள் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். உண்மையில் ஸ்டோரில் எஞ்சின் பார்க்கும் ஐயாசாமி வண்டிக்காரனுக்கு முன்னால் எழுந்துபோய் அச்சில் எண்ணெய் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி டிரசர் ஐயாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய் அது. ஆத்தாளுக்குப் போன பேரை அவர் தனக்கென்று கேட்கவில்லை.

ஜொகூர்ச் சீமையில் ரெங்கத்துப் பக்கம் அந்த ரப்பர்த் தோட்டம். சிங்கப்பூருக்கு ஜொகூர்ப் பாலம் கட்டி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அங்கே ஸ்டோரில் ரப்பர் உருட்டும் எஞ்சின்தான் ஐயாசாமியின் பொறுப்பு. மழையிலும் அட்டைக்கடியிலும் பல வருஷம் பாலுக்கு மரம் வெட்டிய பிறகு கிடைத்த வேலை. அந்த வேலையும், அதற்காக ஸ்டோர் ஓரத்தில் கொடுத்த சின்ன வீடும்தான் அவருக்கும் மனைவி வெள்ளையம்மாவுக்கும் இருந்த பிடிமானம்.

டிரசர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் அவர் கண்ணை மூடிப் பாடினால் ஐயாசாமிக்குக் கண்ணீர் வரும். பாட்டு முடிந்ததும் முதல் திருநீற்றை டிரசரே ஐயாசாமியின் நெற்றியில் இடுவார். வேறு எந்த உத்தியோகக்காரர் அவரைத் தொட்டுப் பேசினார்?

கூலிக்காரர்கள் குடியிருந்த தூரத்து லயங்களுக்குப் போய்வர டிரசருக்குத் தோட்டம் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. வண்டியைத் திறந்து பழுது பார்ப்பதென்றால், ரயிலில் ஏற்றி சிங்கப்பூரில் விற்ற கடைக்குத்தான் அனுப்பவேண்டும் என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு.

"கடைக்கு அனுப்பினால் ரெண்டு கிழமை நான் நடந்து சாகோணும். நீயே பாரன், ஐயாசாமி" என்றார் டிரசர்.

"தொரைக்குத் தெரியுமுங்களா?"

"நான் சொல்லிப்போட்டன். நீ யோசிக்காதை."

அதற்குமேல் ஐயாசாமி யோசிக்கவில்லை. ஞாயிறுதோறும் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, வண்டியின் முன் உட்காருவார். எண்ணெய்த் தொட்டிக்குள் மூங்கில் சிராயை விட்டுப் பார்ப்பார். ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்வார். கறுத்திருந்தால் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுவார். வெள்ளையம்மா வாசலில் நின்று நொடிப்பாள்.

"என் தல காஞ்சு பறக்குது. டிரசரு வண்டிக்கு மட்டும் வாரா வாரம் எண்ணெய்க் குளியலு. அதுக்கே தாலி கட்டியிருக்கலாம்லா!"

"அது ஒன்னப்போல வாயாடாதுடி."

அந்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. எண்ணெய் தானாக எஞ்சினுக்கு இறங்காது. தொட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. சில மைலுக்கு ஒருதரம் ஓட்டுகிறவர் அதை அமுக்கவேண்டும். அமுக்கும்போது இரண்டு சொட்டு முழங்காலில் தெறிக்கும். ஐயாசாமி அதற்கொரு துணியைச் சுற்றிக் கட்டியும் பார்த்தார், முழுசாக நிற்கவில்லை.

ஒருநாள் குளுவாங்கில் டிரசரின் ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணம். டிரசர் புதுசாகத் தைத்த வெள்ளைக் கால்சட்டையில் புறப்பட்டார். கறை படுமே என்று வழி நெடுக ஒருதரமும் பம்பைத் தொடவில்லை. பாதி வழியில் எஞ்சின் தீய்ந்து இறுகி நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். திரும்பி வந்த கால்சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. ஐயாசாமி அதைப் பார்த்தார். நடந்ததைப் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துரை புதுசு, தமிழ் அரைகுறை. டிரசர் இங்கிலீசில் பேசினார். பேச்சின் நடுவே தன் பெயர் வந்துபோவது ஐயாசாமிக்குக் கேட்டது. நமக்காக ஐயா இவ்வளவு நேரம் பரிந்து பேசுகிறாரே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கை கட்டி நின்றபடி, பெயர் வரும்போதெல்லாம் சிரித்த முகமாய்த் தலையாட்டினார்.

துரை திரும்பினார். "டிரசர் சொல்றது நிஜமா?"

"நிஜமுங்க தொரை. முருகன் சத்தியமா, ஐயா சொன்னது அத்தனையும் நிஜம்."

துரை ஏதோ எழுதினார். "சரி. இனி ஸ்டோர் எஞ்சின் தொடாதே. வெட்டுக்குப் போ. வீடு காலி பண்ணு."

ஐயாசாமிக்கு விளங்கவில்லை. "நான் என்னங்க தொரை பண்ணினேன்?"

"டிரசருக்குத் தெரியாம வண்டி திறந்தது. கெடுத்தது. நீதானே இப்ப சத்தியம் பண்ணினது?"

ஐயாசாமி டிரசரைப் பார்த்தார். டிரசர் கையிலிருந்த தொப்பியின் விளிம்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு லேசாகத் தெரிந்தது. முருகன் பேரைச் சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்?

வெள்ளையம்மா சட்டி பானையைக் கட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினாள். "பாடுற வாயி எப்படிங்க இதச் சொல்லுச்சு? நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிட்டு வந்திருக்கீங்க!" அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஐயாசாமி கோயிலுக்குப் போனார். பாட்டுச் சத்தம் கேட்டதும் வெளியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். கண் கலங்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வெட்டு வேலைக்கு ஆள் கேட்டார்கள். ஜொகூர் பாருவரை ரயில், அப்புறம் லாரி. ரெங்கம் ஸ்டேஷனில் மூட்டையோடு நின்றபோது, டிரசர் வருவது தெரிந்தது. வழியனுப்ப வந்தவர் அல்ல. சிங்கப்பூர்க் கடையிலிருந்து திரும்பி வந்த மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தவர். வண்டி பளபளவென்று மேடையில் நின்றது.

தவிர்க்க வழியில்லாமல் டிரசர் கிட்டே வந்தார். "என்ன ஐயாசாமி, போறியோ?"

"ஆமாங்கய்யா."

டிரசர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷமோ என்னவோ, சொன்னார்: "எண்ணெய் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்துவிடன்."

வெள்ளையம்மா "ம்க்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐயாசாமி குனிந்து மூடியைத் திறந்தார். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். மூடியைத் திருகிவிட்டு, பம்பின்மேல் துணி இல்லாததைக் கண்டு, தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழிக்கப் போனவர், நிறுத்திக்கொண்டார். ரயில் வந்து நின்றது.

"என்னோடை கோவமோ?" என்றார் டிரசர்.

ஐயாசாமி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"கோவம் இல்லீங்கய்யா. ஒரு வார்த்த எங்கிட்டத் தமிழ்ல கேட்டிருக்கலாமே. பழிய நீ ஏத்துக்க ஐயாசாமின்னு சொல்லியிருந்தா, அதுக்கும் நான் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."