அழுகைக்கு ஆள்

அந்த வீட்டில் மாணவி அம்மாதான். மகள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, நகக்கண்களில் கிரீஸ் நிரந்தரமாகக் குடியேறிய பிறகு, அம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு நாடகப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

அதற்கு முன் அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வாழ்நாளில் பாதியை, முகம் தெரியாதவர்களிடம் "லைன்ல இருங்க" என்று சொல்லியே கழித்தவள். அந்தப் பிரிவை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் நடிப்புக்கும் பின்னணிக் குரலுக்குமான இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். விஷயம் கேள்விப்பட்டு அத்தை நேரிலேயே வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா அவள்.

"பேரன் பேத்தி எடுக்கற வயசுல உனக்கு மேக்கப் கேக்குதா?"

"மேக்கப் எல்லாம் இல்ல அண்ணி. குரல் மட்டும்தான். என் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க, பயப்படாதீங்க."

வகுப்பில் எல்லாருமே மகளைவிடச் சின்னவர்கள். முதல் நாளே அவளுக்கு 'சீனியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலாம் ஆண்டு சீனியர்.

அதன் பிறகு அவளை வீட்டில் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாகிவிட்டது. காலையில் குரல் வகுப்பு. மதியம் டப்பிங் ஸ்டூடியோவில் கூட்டக் குரல். கல்யாண வீடோ கலவரமோ, ஒரே மைக்கைச் சுற்றி நின்று பத்துப் பேர் இரைய வேண்டும். சாயங்காலம் யாருடைய நாடகத்துக்காவது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விளக்கு அணைந்த நேரத்தில் மேடையில் நாற்காலி நகர்த்துவாள். திரைப்பட விழா வந்தால் வாசலில் டிக்கெட் கிழிப்பாள். பையில் வெந்நீர் பிளாஸ்க், தொண்டை மிட்டாய், வசனத் தாள்கள், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தோல் செருப்பு மைக் முன்னால் கிறீச்சிடுமாம். சாப்பாடு பேருந்திலேயே முடிந்துவிடும்.

"இனிமே உன்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுதான் பேசணும் போல," என்றார் அப்பா. மருந்துக் கடையில் கவுன்டர் பார்க்கிறவர்.

"பேசலாமே. லைன்ல இருங்க," என்பாள் அம்மா.

அவளுக்கு அழுகை வரும் என்று கண்டுபிடித்தது ஸ்டூடியோவில் ஆள் ஏற்பாடு செய்கிற கோஆர்டினேட்டர். ஒரு சாவு வீட்டுக் காட்சியில் பத்துப் பேர் கத்தியதில், அவள் அழுகை மட்டும் தனியாகக் கேட்டதாம். அதோடு அவள் மேல் முத்திரை விழுந்துவிட்டது. தொடர்களில் நடிக்கிற பாதிப் பெண்களுக்கு அழத் தெரியாது. அவர்கள் வாயைத் திறந்து முகத்தைச் சுளிப்பார்கள், சத்தம் அம்மாவுடையது. திரையில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. கோஆர்டினேட்டர் போன் செய்தால் குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

"சீனியர்க்கா, நாளைக்கு ஒரு மாமியார் சாவு, ரெண்டு டைவர்ஸ். வந்துடுங்க."

வீட்டில் பயிற்சி செய்வாள், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு. முதல் தடவை அவள் அழுதபோது கீழ்வீட்டு டீச்சர், காலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செருப்புகளோடு மூச்சிரைக்க மாடி ஏறி வந்துவிட்டார். கதவை இடித்த இடியில் தாழ்ப்பாள் ஆடியது. அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும்.

அப்போதுதான் மகள் அந்த விதியைப் போட்டாள்.

"பயிற்சி முடிஞ்சதும் சத்தமா 'கட்'னு சொல்லும்மா. டீச்சர், 'கட்' கேட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம். கேக்கலைன்னா இன்னும் நடந்துட்டிருக்குன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர், "அப்பாடா, என் முட்டி பொழைச்சுது," என்றார். அன்று முதல் அந்த அறையிலிருந்து நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஓலம் வரும், கொஞ்ச நேரத்தில் கணீரென்று "கட்!" கேட்கும், பிறகு கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்து, "டீ இருக்கா?" என்பாள்.

இரண்டாம் வருடக் கடைசியில் பள்ளியில் ஆண்டு நாடகம் வந்தது. நீதிமன்றக் கேலிக்கூத்து. சாட்சிகள் பார்வையாளர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்து திடீர் திடீரென்று எழுந்து கூச்சல் போடுவார்கள். அதில் வாதியின் விதவைத் தாய் வேடத்தை அவளுக்குக் கொடுத்தார் பயிற்சி ஆசிரியர். அம்மா மறுத்துவிட்டாள்.

"சார், ரெண்டு வருஷமா அழுதுட்டேன். போதும். அந்தத் தூங்குமூஞ்சி ஜட்ஜை எனக்குக் குடுங்க."

"அது காமெடிம்மா. உங்களுக்கு அழுகைதான் செட் ஆகும்."

"ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

நாற்காலியில் உட்கார்ந்து குறட்டை விட்டாள். யாரோ இருமியதும் கண்ணைத் திறக்காமலே மேசையைத் தட்டி, "அமைதி! நான் யோசிக்கிறேன்!" என்றாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்ததாம். வேடம் கிடைத்துவிட்டது. இதை வீட்டில் சொன்னபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இதுவரைக்கும் என் நாடகம் ஒண்ணுக்காவது வந்திருக்கீங்களா ரெண்டு பேரும்? இவளுக்கு எப்பப் பாரு ஏதாவது லிஃப்ட் மாட்டிக்கும். உங்களுக்குக் கடை. இதுக்கு வரணும். மூணாவது வரிசைல சீட் சொல்லி வெச்சுட்டேன். என்னைப் பாத்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீங்க ரெண்டு பேரும் சிரிக்கணும்."

"தினமும்தான் சிரிக்கறோமே," என்றார் அப்பா.

"அது வேற சிரிப்பு. இது நான் சிரிக்க வெச்சு நீங்க சிரிக்கறது."

வருகிறோம் என்றார்கள். மகள் விடுப்பு கேட்டு வாங்கினாள். அப்பா கடையில் மாற்று ஆளுக்குச் சொல்லி வைத்தார்.

நாடகத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சொன்னாள்: "நாளைக்கு ஸ்டூடியோல பெரிய அழுகை இருக்கு. இதோட அழுகைக்கு ஒரு கும்பிடு." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கூடத்தில் செய்தித்தாளை விரித்தார். மகள் மேசையில் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டின் மின்சுற்று வரைபடத்தோடு உட்கார்ந்தாள்.

சத்தம் வந்தது. முதலில் ஒரு முனகல். பிறகு "அம்மா" என்று ஒரு நீண்ட கூப்பாடு. பிறகு மகளின் பெயர். பிறகு மறுபடி முனகல்.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னிக்கு நல்லா வந்திருக்கில்ல? நிஜமாவே அழற மாதிரியே இருக்கு."

"வசனத்துல என் பேரச் சேத்துட்டாங்க பாருங்க," என்றாள் மகள். "'கட்' சொல்லட்டும், டீ போடறேன்."

சத்தம் ஓய்ந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். அழுகைக்கு நடுவில் அம்மா இப்படி நிறுத்துவது உண்டு. மூச்சை அடக்கிப் பழகுகிறாள் என்பார் அப்பா. அவர் பக்கத்தைப் புரட்டினார். மகள் ஒரு சர்க்யூட்டை முடித்து அடுத்ததற்குப் போனாள். டீக்கு வைத்த கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

கதவைத் திறந்தபோது அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தாள். வசனத் தாள்கள் மேசையில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அவள் அவற்றைத் தொடக்கூட இல்லை.

மருத்துவமனையில் இதயம் என்றார்கள். "கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்த டாக்டர், அப்பாவின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை விட்டுவிட்டார்.

லிஃப்டில் ஒரு பாதுகாப்புச் சுற்று உண்டு. எல்லாக் கதவும் சரியாக மூடியிருந்தால்தான் அதில் மின்சாரம் ஓடும். எங்காவது ஒரு ஒயர் அறுந்தால், ஒரு திருகு தளர்ந்தால்கூட மின்சாரம் நிற்கும், லிஃப்டும் அந்த இடத்திலேயே நிற்கும். சமிக்ஞை வரவில்லை என்றால் ஆபத்து என்று பொருள். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். மகளும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வீட்டில் அதைத் தலைகீழாகப் போட்டு வைத்திருந்தாள். சமிக்ஞை வராதவரை எல்லாம் சரி.

சாவு வீட்டுக்குக் கீழ்வீட்டு டீச்சர் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் கேட்டுது கண்ணு. 'கட்' வரலையேன்னு நெனச்சேன். சரி, இன்னும் நடக்குது போலன்னு..." மகளுக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை.

வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக வந்து வாசலோரம் நின்றார்கள். அத்தை உள்ளே நுழைந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு பெரிதாக ஓலமிட்டாள். வாசலில் கண்ணாடி போட்ட பெண் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தாள்: "மூச்சு தப்பா எடுக்கறாங்க. சீனியர் இருந்திருந்தா ரீடேக் கேட்டிருப்பாங்க." சொன்னவள் மறு விநாடியே சத்தமில்லாமல் உடைந்துபோனாள். அத்தை அழுகைக்கு நடுவில் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்தவ கெடக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு. கல்லு!"



மறுநாள் அம்மாவின் போன் அடித்தது. கோஆர்டினேட்டர்.

"சீனியர்க்கா, என்ன ஆளையே காணோம்? மாமியார் சாவு பாக்கி நிக்குதுக்கா. எல்லாரும் வெயிட்டிங்."

"அம்மா இறந்துட்டாங்க. நான் பொண்ணு பேசறேன்."

"ஐயையோ! என்னம்மா சொல்றே? நல்லாத்தானே இருந்தாங்க?" பிறகு போனை வைக்க மறந்து யாரிடமோ புலம்புவது கேட்டது: "இப்ப அழுகைக்கு ஆளுக்கு எங்கடா போவேன்?"

நாடகத்தைத் தள்ளிப்போட முடியாது, மண்டபம் கிடைக்காது என்றார்கள் பள்ளியில். அப்பாதான் போகலாம் என்றார். "சிரிக்கறோம்னு சொல்லியிருக்கோம்," என்றார். மூன்றாவது வரிசை நாற்காலிகளில் இரண்டு பெயர்களும் அம்மாவின் கையெழுத்தில் ஒட்டியிருந்தன.

கண்ணாடி போட்ட பெண்தான் நீதிபதி. கறுப்பு அங்கி அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. அது அம்மாவின் அளவுக்குத் தைத்தது. குறட்டை விட்டாள். யாரோ இருமினார்கள். கண்ணைத் திறக்காமலே மேசையைத் தட்டினாள்.

"அமைதி! நான் யோசிக்கிறேன்!"

அம்மாவின் அதே இழுப்பு. அரங்கம் அதிரச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் போலத் தோள் குலுங்கச் சிரித்தார். அது எங்கே அழுகையாக மாறியது என்று மகளுக்குத் தெரியவில்லை. வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து, ஒரு கூப்பாடாக வந்தது.

மேடையில் பிள்ளைகள் ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்தார்கள். முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. சாட்சிகள் ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களிலிருந்து எழுந்து கூச்சல் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் ஆவலோடு பார்த்தார்கள், அடுத்து என்ன வசனம் என்று.

மகள் அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். "எழுந்திருங்கப்பா. வாங்க. நான் பிடிச்சிருக்கேன்." அவருடைய கால் ஊன்றவில்லை. நாற்காலிகளுக்கு இடையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். யாரும் எழுந்து கைகொடுக்கவில்லை.

"யாருங்க அந்தப் பெரியவர்?" என்றாள் ஓரத்து நாற்காலியில் இருந்தவள்.

"இவரும் நாடகத்துல ஒரு ஆள்தான்," என்றார் அவள் கணவர். "என்னமா அழறார் பாரு."

பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.