மேட்டை விட்டுவிட்ட எல்லை

அக்கா பென்சிலால் இழுத்திருந்த எல்லைக்கோடு, வரைபடத்தில் மலைமுகட்டின் வளைவுகளை ஒன்றுவிடாமல் பின்பற்றிச் சென்றது. ஆக்லாந்து நகர மையத்தில் இருந்த எங்கள் நிலப் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் அக்கா என்று அழைத்த அவர் மண்ணியல் அதிகாரி; யாழ்ப்பாணத்துக்காரர். நான் கோவையிலிருந்து வேலை விசாவில் வந்து, அவர் சொல்லும் கோடுகளைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தவன். அங்கே தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர வேறு ஆளில்லை.

நகரின் தெற்குப் புறநகரான தகனினிக்குக் கிழக்கே ஒரு சரிவில், ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் கீரை பயிரிட்ட மலேசியத் தமிழர் ஒருவர், அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பகுதியை மண் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கும்படி மனுக் கொடுத்தார். மனு வந்தால் நாங்கள் எல்லை வரைந்து விசாரணைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எல்லைக்குள் வரும் நிலத்தில்தான் மரம் நடவும் மேய்ச்சலைக் குறைக்கவும் உத்தரவிட முடியும். அக்கா வாரக்கணக்கில் ரப்பர் பூட்ஸோடு அந்தச் சரிவில் ஏறி இறங்கினார். ஒரு மழைநாளில் என்னையும் கூட்டிப்போய், மேட்டிலிருந்து வரும் பழுப்பு நீர் இடையில் போகும் சாலையைக் கடந்து பாத்திகளுக்குள் இறங்குவதைக் காட்டினார். "மேட்டை விட்டுட்டுப் பள்ளத்தைக் காப்பாற்றேலாது, தம்பி," என்றார்.

மேட்டு நிலத்துக்காரர்கள் வீட்டுமனை போடும் எண்ணத்தில் இருந்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாள், அக்கா வெளியே போயிருந்த நேரம், மேலாளர் என் மேசைக்கு வந்து எல்லையைச் சாலையோடு நிறுத்திவிடச் சொன்னார். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தானே பேசிக்கொள்வதாகச் சொன்னவர், என் விசா நீட்டிப்புக் கடிதம் தன் கையெழுத்துக்குக் காத்திருப்பதையும் போகிறபோக்கில் நினைவூட்டினார். அக்கா பெயரில் போகும் அறிக்கையின் வரைபடத்தில் பத்து நிமிட வேலை. கட்டாயத்தில் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அக்காவுக்கு ஒரு போன் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் திரையில் வரைபடம் விரிந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினார். எல்லை முகட்டில்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினார். உங்கள் பெயர் போட்ட அறிக்கையிலேயே கோடு சாலையில்தானே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பிழை நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி அவர் உட்கார்ந்தார். எல்லை சாலையிலேயே உறுதியானது.

மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். என்னைப் பேசவிடவில்லை.

"உன்ர விசாக் கடிதம் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லக்கா."

"வரும்," என்றார்.

அடுத்த மாதம் வேலையை விட்டுத் நாட்டின் தென் தீவுக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, கடந்த குளிர்காலத்தில் மேடு சரிந்தது. இப்போது அக்காவின் பதவியில் இருக்கும் நானே பார்வையிடப் போனேன். கீரைப் பாத்திகள் முழங்கால் ஆழச் சேற்றுக்கடியில் கிடந்தன. மலேசியக்காரர் பழைய அறிக்கையை எடுத்துவந்து, அக்காவின் பெயர்மேல் விரல் வைத்தார். "அன்னிக்குக் கூட்டத்துக்கு என்னால வர முடியல. மேட்டையும் சேர்த்துக்கிறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, கடைசியில இந்த அம்மாதானே கோட்டை மாத்திப் போட்டது?"

எனக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அந்த மேலாளர் ஓய்வுபெற்றுவிட்டார். பயப்பட யாருமே இல்லை.

"ஆமா," என்றேன்.