ஏழு மணி ஜெபமும் ஆறு எண்களும்

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். குடும்பம் என்றால் இப்போது நானும் என் கணவரும்தான். மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இரண்டு பேருக்கு ஐந்து நிமிடம் போதாதா? அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். இளையரசனேந்தலில் மாமன் மகனின் புஞ்சைக் காட்டுக்கு மழை, எதிர்வீட்டு விசைத்தறிக்காரர் மகனுக்கு வேலை என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் சொல்வார். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பொறுமை குறைவு. ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஜெப நேரத்தில் அவர் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்று சண்டை பிடித்து ஒரு சட்டம் போட்டதும் நான்தான். ஏழு அடித்தால் இரண்டு போனும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும்.

போன வருடம் ஒரு நாள், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. "அம்மா, பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கிரெடிட் கார்டு விவரம் அப்டேட் ஆகல. ஏழரைக்குள்ள செய்யலேன்னா கார்டு பிளாக் ஆயிடும்" என்றது ஒரு மரியாதையான குரல்.

அதற்கடுத்த திங்கட்கிழமை திருநெல்வேலியில் அவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தக் கார்டைத்தான் நம்பியிருந்தோம்.

கார்டின் பதினாறு எண்களைச் சொன்னேன். காலாவதித் தேதியைச் சொன்னேன். பின்பக்கத்து மூன்று எண்களையும், வகுப்பில் வாய்ப்பாடு சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் 'ஆன்லைன் மோசடி' விழிப்புணர்வுக் கூட்டத்தில் வாசகம் எழுதிய அட்டை பிடித்து நின்ற அதே நான். ஏடிஎம் பின் நம்பர் எழுதிய சீட்டை வேதாகமத்துக்குள் வைத்ததற்காக அவரை ஒரு வாரம் திட்டிய அதே நான்.

"இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா."

கடிகாரம் ஏழு அடித்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து கையை நீட்டினார். "போனைத் தா."

"பொறுங்க, பேங்க்லயிருந்து பேசுதாங்க."

"சட்டம் போட்டது யாருட்டி? நீதானே?" போனைப் பிடுங்கி டின்னில் போட்டு மூடிவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டின்னுக்குள் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவர் மழையைக் கேட்டார். வேலையைக் கேட்டார். ஏழேகால் ஆயிற்று. எழுந்து போய் எடுத்துவிடலாமா என்று காலை மடக்கினேன். அப்போது அவர் குரல் இறங்கியது.

"ஆண்டவரே, இந்தக் கண்ணும் போயிருமோன்னு பயமா இருக்கு. அவகிட்டச் சொல்லல. அவ முகத்தையாவது பாத்துக்கிட்டு இருக்கணும்."

மடக்கிய காலை நீட்டிவிட்டேன். அதுவரை அவர் பயப்படுகிறார் என்றே எனக்குத் தெரியாது.

ஆமென் சொன்னபின் போனை எடுத்தேன். ஒன்பது அழைப்புகள். அவசரம் வடிந்திருந்ததால் மெசேஜை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். எங்கேயோ ஒரு செல்போன் கடையில் தொண்ணூறாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்க அந்த ஆறு எண். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் அதிலேயே போட்டிருந்தது. அந்த எண்ணுக்கு ஆயுசு பத்தே நிமிடம். அது எப்போதோ முடிந்திருந்தது.

பத்தாவது முறையாகப் போன் அடித்தது. "ஏலே, உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா? ஒரு குருட்டு மனுசன் ஆபரேஷன் காசுல கை வைக்க வாரியே!" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டு அதை முடக்கினேன். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்றார்கள். தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "அட்டை பிடிச்ச டீச்சரம்மாவா இது?" என்றார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுக் கார்டு வரும்வரை ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. வந்த அன்றே அதில் ஆன்லைன் வசதியை அணைத்தேன். இப்போது யார் கூப்பிட்டு அவசரம் என்றாலும் போனை வைத்துவிட்டு, நானே பேங்குக்குப் பேசிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து இரண்டே வரியில் ஆமென் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ளயா? மழைய விட்டுட்டீங்க. அந்தப் பையன் வேலைய விட்டுட்டீங்க."

"அசதியா இருக்கு. நீயே பண்ணு."

இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். மழை, வேலை, ஆஸ்பத்திரி நர்ஸ், கடைசியில் அந்த மரியாதையான குரல்காரன் வரைக்கும் போய்விட்டேன். முடித்துக் கண்ணைத் திறந்தால், அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு முப்பத்தெட்டுட்டி" என்றார்.