குவைத்திலிருந்து அந்தி நிறுவைக்கு

பெண்கள் இடுப்பில் கட்டிய, நனைந்த படங்குச் சாக்கின் முடைநாற்றமும் பச்சைக் கொழுந்தின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் அந்தி நிறுவையில் அம்மாவுக்காக நான் காத்து நின்ற வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்துவிடும்.

எனக்குப் பத்து வயது. அம்மா இரண்டு வருடமாகக் குவைத்தில் வீட்டுவேலை. அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் பதிவில் பேர் இல்லை. காய்கறித் தோட்டங்களில் 'வெளிவேலை' பார்த்தார். தோட்டம் கொடுத்த ஒற்றையறை வீடான லயக்காம்பரா அம்மாவின் பேரில்தான் இருந்தது. "வெள்ளிக்கிழமை அந்தி நிறுவைக்கு அவ நேர்ல நிக்கணும், இல்லாட்டி பேரை வெட்டிருவேன், காம்பரா வேற ஆளுக்கு" என்று, வேலை வாங்குகிற 'கண்டாக்கு' சொல்லியிருந்தார்.

அன்று விடியப்புறம் இரண்டு மணிக்கு விமானம் ஏறுவதாக அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ராகலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் அப்பா விசாரித்தார். "நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஆனா பிளேனுக்கு அஞ்சு மணித்தியாலம்தான்" என்றார் நானா. ஏழு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையம், பஸ் மாறி மாறி ஏழெட்டு மணித்தியாலம், நாலு மணிக்குள் தோட்டம் என்று அப்பா விரல் மடக்கினார். குவைத்தில் இரண்டு மணியென்றால் இங்கே நாலரை என்பது அவருக்குத் தெரியாது.

கடைசிக் கூடையும் நிறுத்தாயிற்று. அம்மா வரவில்லை.

"அஞ்சு மணித்தியாலத்துல கடலைத் தாண்டுறவளுக்கு இந்த மலையில ஏற முடியலையாக்கும்?" என்று கண்டாக்கு சிரித்தார்.

"பிளேன் அஞ்சு மணித்தியாலம்தாங்கய்யா. ஒங்க ரோட்டுலதான் பொழுது பூரா போவுது. அதுக்கு எங்கம்மா என்ன பண்ணும்?" என்றேன்.

"வாயை மூடு புள்ள" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். கண்டாக்கு பேரை வெட்டினார்.

அம்மா இரவு ஏழு மணிக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள், அழவில்லை. மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற 'பெரட்டு'க்கு, விமானத்தில் போட்டுவந்த சப்பாத்தோடு கூடையை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றாள். கண்டாக்கு எல்லாப் பேரையும் கூப்பிட்டார், அவள் பேரைத் தவிர. பெண்கள் ஒருவரும் அசையவில்லை.

"ஒரு பேரு விட்டுப்போச்சுங்களேய்யா" என்றார் பக்கத்துக் காம்பரா அங்கம்மா. "அதையும் கூப்பிட்டுட்டா நாங்க மலைக்குப் போயிருவோம்."

பனி விலகி வெயில் ஏறியது. கொழுந்துக்கு ஃபேக்டரி காத்திருந்தது. அவர் தலையைத் தூக்காமல், "மாரியாயி" என்றார்.

"இருக்கேங்க!" என்று கீழ்லயம் வரை கேட்கும்படி அம்மா கத்தினாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பிறகு கொழும்பு, தோஹா, துபாய் என்று அலைந்துவிட்டேன். எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே இறங்கும் என்று இன்று கைப்பேசியே சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் பெரட்டும் இல்லை, நிறுவைக் கொட்டிலும் இல்லை. தேயிலை இருந்த இடத்தில் மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி அவ்வப்போது ஆட்கள் வருகிறார்கள்.

"காணி உறுதிப் பத்திரத்தைக் கையில குடுங்க, அப்புறமா பேசலாம்" என்று அம்மா அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள்.